சேர்வதும் சேர்ப்பதும்

தம்மம்பட்டியில் ஒரு மரச்சிற்பப் பட்டறை. வாகை மரத்துண்டு ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதிலிருந்து ஒரு நரசிம்மர் பாதி வெளியே வந்திருக்கிறார். பிடரி மயிர் சுருள் சுருளாக இறங்குகிறது, முகம் இன்னும் வெறும் மேடு. சிற்பியின் இடக்கையில் உளி, வலக்கையில் கொட்டாப்புளி. டொக், டொக், டொக் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் லேசாக மாறுகிறது. அடுத்த அடி விழவில்லை. மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த பையன் கேட்கிறான்: “ஏண்ணே நிறுத்திட்டீங்க?”

“கை நின்னுபோச்சுடா. உள்ளே கணு இருக்கு.”

மேலோட்டமாகப் பார்த்தால் கணு தெரியாது. உளியைச் சாய்த்து இரண்டு மூன்று சீவல் எடுத்த பிறகுதான் கறுத்த வட்டம் ஒன்று தலைகாட்டுகிறது. அந்த அடி விழுந்திருந்தால் நரசிம்மரின் கன்னம் சிம்பாகப் பெயர்ந்திருக்கும்.

பையன் ‘நிறுத்திட்டீங்க’ என்றான். சிற்பி ‘நின்னுபோச்சு’ என்றார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. நின்றது, நிறுத்தினார். திரும்பியது, திருப்பினார். சேர்ந்தது, சேர்த்தார். பிந்தைய சொல்லில் ஓர் ஆள் நிற்கிறார். முந்தைய சொல்லில் அவர் இல்லை. நினைப்பு என்பது மண்டைக்குள் எப்படி நடக்கிறது என்று ஆராய்கிறவர்கள், எவ்வளவு தூரம் சுற்றினாலும், இந்த இரண்டு வினைகளுக்கு நடுவே வந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது.

தம்மம்பட்டி சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லி வட்டத்தைச் சேர்ந்த பேரூர். கோயில் தேர்களுக்கும் சாமி வாகனங்களுக்கும் பூஜையறைகளுக்கும் சிற்பம் செதுக்கிப் பேர்பெற்ற ஊர். அதன் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கொல்லிமலையில் பிறக்கும் சுவேத நதி இந்த ஊர்ப்பக்கமாக இறங்கிக் கிழக்கே போய், வசிஷ்ட நதியோடு கலந்து வெள்ளாறாகிறது. வெள்ளாறு பெண்ணாடத்தின் பக்கமாக ஓடிக் கடலுக்குப் போகிறது. பெண்ணாடம் மெய்கண்டார் பிறந்த ஊர். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். அதன் மூன்றாம், நான்காம் சூத்திரங்கள் எழுப்பும் கேள்வியை இந்தப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டே கேட்கலாம்.

கண்ணுக்கு நிறமும் உருவமும் தெரியும், ஓசை தெரியாது. காதுக்கு ஓசை தெரியும், வழவழப்பு தெரியாது. தோலுக்கு வழவழப்பு தெரியும்; அதன் நிறம் தெரியாது. ஒவ்வொன்றும் தன் சங்கதியை மட்டும் அறியும், பக்கத்து வீட்டு விஷயம் அதற்கு எட்டாது. அப்படியிருக்க, ‘பார்த்ததும் கேட்டதும் தொட்டதும் ஒரே மரம்’ என்று சொல்வது யார்? உடம்பு இல்லை, ஐம்பொறி இல்லை, மூச்சு இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகிறார் மெய்கண்டார். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற உட்கருவிகளையும் விலக்குகிறார். அமைச்சர்களோடு கூடியிருந்து ஆளும் அரசனைப் போல, இவற்றையெல்லாம் கூடிநின்று அறிகிற உயிர் ஒன்று இவற்றுக்கு வேறாக உண்டு என்பது அவர் முடிவு.

இதே கேள்வி நரம்பியல் ஆய்வகங்களிலும் உண்டு. அங்கே அதற்குப் பிணைப்புச் சிக்கல் என்று பெயர்.

சிற்பி உளி பிடித்திருக்கும்போது மண்டைக்குள் நடப்பது இது. கண் தரும் செய்தி தலையின் பின்பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கேயும் நிறத்துக்கு ஓரிடம், அசைவுக்கு வேறிடம், முகத்துக்கு இன்னோரிடம். உளிச் சத்தம் காதுகளை ஒட்டிய பகுதிக்குப் போகிறது. விரல்களை அசைப்பதும் விரல்கள் உணர்வதும் உச்சந்தலைக்குக் குறுக்கே ஓடும் அடுத்தடுத்த இரண்டு பட்டைகள். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து உடம்பை அளக்கும் கணக்கு, நரசிம்மருக்கு வாய் எவ்வளவு விரிய வேண்டும் என்ற பழக்கம், நேற்று எதுவரை செதுக்கினோம் என்ற நினைவு, எல்லாம் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. எல்லாமாகச் சுமார் 8,600 கோடி நியூரான்கள். இவையனைத்தும் வந்து கொட்டுகிற ஒரு மைய அறை மூளையில் எங்கும் இல்லை. அரசன் இருந்தால், அவனுக்கென்று ஓர் அரியணை மண்டைக்குள் கிடைக்கவில்லை.

வரைபடத்துக்குக் குறைவில்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளைப் படத்தொகுப்பை வெளியிட்டது. 5,132 மெல்லிய சீவல்கள், அணு அணுவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நடந்த அருமையான வேலை அது. ஆனால் எந்த ஊருக்கு எந்தச் சாலை என்று தெரிந்தால் மட்டும் ஆத்தூர் பஸ் நிலையத்தில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று தெரிந்துவிடாது. அதற்கு நேரம் தெரிய வேண்டும். மூளையின் விஷயத்திலும் கடந்த நாற்பதாண்டு கால ஆய்வு இடத்தைவிட்டு நேரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

அந்த வழியைத் திறந்தவரின் கதை விசித்திரமானது. ஹான்ஸ் பெர்கர் ஜெர்மானியர். 1890களில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி. தூரத்து ஊரிலிருந்த சகோதரிக்கு, பெர்கருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மனசு அடித்துக்கொள்ள, அப்பாவை வற்புறுத்தித் தந்தி கொடுக்க வைத்திருக்கிறாள். மனசிலிருந்து மனசுக்கு ஏதோ ஒன்று பாய்கிறது என்று நம்பிய பெர்கர், அதை அளந்தே தீருவது என்று மருத்துவரானார். 1924இல் யேனா நகரில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். சகோதரியின் மனசு எப்படி அறிந்தது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் இன்று மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் வலிப்புக்காரர்களுக்கு எடுக்கும் ஈஈஜி பரிசோதனை அந்தத் தேடலில் பிறந்தது.

பெர்கர் கண்டது இது: கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பவரின் தலையில் நொடிக்குப் பத்து முறை போலப் பெரிய, சீரான அலை எழுகிறது. கண்ணைத் திறந்தாலோ ஒரு மனக்கணக்குக் கொடுத்தாலோ அலை சிதறிப்போகிறது. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாகத் தாளம் போட்டால்தான் பெரிய அலை. அப்படியானால் யோசிக்கும்போது மூளையின் ஒற்றுமை குலைகிறதா?

குலைகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் பெரிய சோம்பேறித் தாளம் கலைந்து, வேலைக்கு வேண்டிய இடங்கள் மட்டும் தங்களுக்குள் சின்னதாக ஒரு தாளம் பிடித்துக்கொள்கின்றன. 1989இல் பிராங்பர்ட்டில் சார்ல்ஸ் கிரே, வோல்ஃப் சிங்கர் குழுவினர் பூனையின் பார்வைப் பகுதியில் இதைக் கண்டார்கள். தள்ளித் தள்ளி இருக்கும் அணுக்கள், கண்ணெதிரே ஒரே பொருள் நகரும்போது நொடிக்கு 40 முறை அளவில் சேர்ந்து துடித்தன. இரண்டு பொருள்கள் வேறு வேறு பக்கம் நகர்ந்தால் அந்தச் சேர்க்கை இல்லை. 1998இல் யோஹனஸ் சார்ன்தைன் குழு மனிதரிடம் பார்த்தது. ஒன்றைச் சில நொடிகள் மனதில் நிறுத்தி வைத்திருக்கும்போது நெற்றிப்பகுதியும் பின்மண்டைப் பகுதியும் நொடிக்கு நாலு முதல் ஏழு துடிப்பில் ஒத்துப்போயின. 2019இல் பாஸ்டனில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். 60 முதல் 76 வயதுக்காரர்கள் 42 பேர். நெற்றியிலும் பொட்டுப்பக்கமும் மெல்லிய மின்துடிப்பை ஒரே தாளத்தில் 25 நிமிடம் கொடுத்ததும், சற்றுமுன் பார்த்ததை நினைவில் வைக்கும் திறன் இருபது வயதுக்காரர்களுக்கு ஈடாக ஏறியது. 50 நிமிடம் போலத் தங்கியது. வேலை நடப்பதால் தாளம் வருகிறது என்று மட்டுமல்ல, தாளம் வந்தால் வேலை நடக்கிறது என்றும் ஆனது.

ஏன் தாளம்? ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றுலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளின் உலக்கை இறங்க வேண்டும். இம்மி பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும், தானியம் இடிபடாது. மூளையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கணம் செய்தி வாங்கத் தயாராகிறது, மறுகணம் மூடிக்கொள்கிறது. திறந்திருக்கும் கணத்தில் வந்த செய்தி உள்ளே போகும். மூடிய கணத்தில் வந்தது வீண். இரண்டு பகுதிகளின் தாளம் ஒத்திருந்தால்தான் ஒன்று அனுப்புவது மற்றொன்றின் வாசல் திறந்திருக்கும்போது வந்து சேரும். பாஸ்கல் ஃப்ரீஸ் 2005இல் இதைக் கோட்பாடாக எழுதினார். சாலை எப்போதும் இருக்கிறது. போக்குவரத்து தாளத்தால் தீர்மானமாகிறது.

இந்த இடத்தில் சைவ மேடைகளில் ஒரு குரல் எழும்: ‘பார்த்தீர்களா, மெய்கண்டார் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது!’ அவசரப்படக் கூடாது. ஒத்திசைவு காட்டுவது தன்வினையைத்தான். பகுதிகள் சேர்கின்றன. 1665இல் டச்சுக்காரர் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்துப்போனதைக் கண்டார். தாளத்தைக் கலைத்துவிட்டால் அரைமணி நேரத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன. சட்டம் வழியாக நுண்ணிய அதிர்வு போய்வந்ததுதான் காரணம். சேர்ப்பவர் யாரும் இல்லாமலே சேர்க்கை நடக்கும் என்பதற்கு அந்தக் கடிகாரங்கள் போதும்.

மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம் இன்னொரு வகையில் வியக்க வைக்கிறது. மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் ஐந்து நிலைகளுக்குக் கணக்குக் கொடுக்கிறார். நனவில் உயிரோடு கூடித் தொழிற்படும் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, அதற்கும் அப்பால் 2, கடைசியில் 1. அதாவது தூக்கம் என்பது விளக்கு அணைவது போன்றதல்ல, கூட்டம் கலைவது போன்றது. 2005இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்செல்லோ மாசிமினி, ஜூலியோ டோனோனி குழுவினர் விழித்திருப்பவரின் மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். அதிர்வு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து வேறெங்கோ என்று பரவியது. கனவற்ற உறக்கத்தில் அதே தட்டு, தட்டிய இடத்திலேயே பெரிதாக எழுந்து அங்கேயே அடங்கிவிட்டது. அணுக்கள் செத்துக் கிடக்கவில்லை. அடுத்த வீட்டோடு பேசுவதைத்தான் நிறுத்தியிருந்தன.

ஒப்புமை அழகாயிருக்கிறது என்பதற்காக மிச்சத்தை மறைக்க முடியாது. சித்தியார் இந்த நிலைகளுக்கு இடம் சொல்கிறது: நெற்றி, கழுத்து, நெஞ்சு, கொப்பூழ், மூலாதாரம். மூளையின் எந்தப் படத்தோடும் இது பொருந்தாது. பொருத்தப் பார்ப்பது இரண்டுக்கும் செய்யும் அநியாயம். அந்த 35இல் இன்றைய உடற்கூற்றியலுக்கு அகப்படாதவையும் உண்டு. விழிப்பின் அளவு, கூடிநிற்கும் கருவிகளின் அளவு என்ற அந்த ஒரு பார்வைதான் மதிப்புக்குரியது. அதை அவர்கள் மின்முனை இல்லாமல், தங்கள் தூக்கத்தையும் விழிப்பையும் கூர்ந்து கவனித்தே எட்டினார்கள்.

ஒற்றுமை கூடக்கூட அறிவும் கூடும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். ஏழு ஐந்து முப்பத்தைந்து என்றவள் நின்றுவிடுகிறாள். கண் திறந்திருக்கிறது, இமை லேசாகத் துடிக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. பத்து நொடி. பிறகு எதுவும் நடக்காதது போல ஏழு ஆறு நாற்பத்திரண்டு என்று தொடர்கிறாள். ‘பராக்குப் பார்க்காதே’ என்று தலையில் ஒரு குட்டு விழுகிறது. அது பராக்கு அல்ல. வலிப்பின் ஒரு வகை. கைகால் இழுக்காது, நுரை தள்ளாது, அதனால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கக்கூட யாருக்கும் தோன்றாது. (சாவிக்கொத்து எந்த வலிப்பையும் நிறுத்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.) ஈஈஜி எடுத்தால் அந்தப் பத்து நொடியில் மூளை முழுதும் நொடிக்கு மூன்று துடிப்பு என்ற ஒரே தாளத்தில் பூட்டிக்கொண்டிருப்பது தெரியும். நெற்றி, பிடரி, இடம், வலம் எல்லாம் ஒரே குரல். எல்லா அமைச்சர்களும் ஒரே சொல்லைக் கத்தும் அந்தச் சபையில் குழந்தை இல்லை. மருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் நோய் இது; தெரியாமல் குட்டு வாங்கிக்கொண்டே வளரும் குழந்தைகளை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

பாரிசில் பிரான்சிஸ்கோ வரேலா குழு 1999இல் வெளியிட்ட சோதனை இதையே இன்னொரு பக்கமாகச் சொல்கிறது. கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டான ஒரு படம். உற்றுப் பார்த்தால் சட்டென்று முகமாகத் தெரியும். ‘ஓ, முகம்!’ என்ற அந்தக் கணத்தில், படம் வந்து கால் நொடிக்குள், தொலைதூரப் பகுதிகள் ஒத்திசைந்தன. உடனே அந்த இசைவு வெறுமனே தளரவில்லை, தீவிரமாகச் சிதறடிக்கப்பட்டது. பிறகு பொத்தானை அழுத்தும்போது வேறு ஒரு சேர்க்கை. கூடினது கலைந்தால்தான் அடுத்த கூட்டம் கூட முடியும். கொட்டாப்புளி விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த அடி ஏது?

வரேலா பௌத்த தியானம் பழகியவர். தலாய் லாமாவோடு சேர்ந்து 1987இல் விஞ்ஞானிகளும் துறவிகளும் உரையாடும் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருக்கு இந்தச் சிதறல் உவப்பாக இருந்திருக்கும். ஏனென்றால் மெய்கண்டாரின் கேள்விக்கு ‘அப்படி ஓர் ஆள் இல்லை’ என்று விடை சொன்ன மரபு பௌத்தம். அந்த விடையும் சேலத்து மண்ணுக்கு அந்நியம் அல்ல. ஆத்தூரைத் தாண்டித் தலைவாசல் பக்கத்துத் தியாகனூரில் கல்லில் செய்த பெரிய புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தர்தான் என்று தொல்லியல் வல்லுநர் அறிக்கையின்பேரில் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். வயலுக்கும் ரோட்டுக்கும் பக்கத்தில் வேறு பெயரோடு உட்கார்ந்திருந்தாலும், அந்த மரபு இந்த ஊர்களில் ஒருகாலத்தில் வாய்திறந்து வாதாடியிருக்கிறது.

அதன் பேர்போன வாதம் தேரைப் பற்றியது. கிரேக்க வழி வந்த மிலிந்த மன்னன் நாகசேனர் என்ற துறவியிடம் வருகிறான். நாகசேனர் கேட்கிறார்: தேரில் வந்தாயே, அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லையென்றால் தேர் எங்கே? இவையெல்லாம் ஒரு முறைப்படி சேர்ந்திருக்கும்போது வைக்கும் பெயர்தான் தேர் என்று மன்னன் ஒத்துக்கொள்கிறான். ‘நான்’ என்பதும் அப்படியே என்கிறார் நாகசேனர். தம்மம்பட்டிச் சிற்பிக்கு இது சட்டென்று புரியும். யாளியும் குதிரையும் பொம்மைகளும் தனித்தனியாகத்தான் பட்டறையை விட்டு லாரி ஏறுகின்றன. அவற்றில் எதுவும் தேர் அல்ல; எங்கோ ஒரு கோயில் வாசலில் எல்லாம் பூட்டிய பிறகு, ஊர் அதைத் தேர் என்று கும்பிடுகிறது.

இதற்குச் சித்தாந்தியின் பதில் என்னவாக இருக்கும்? தேர் தன்னைத் தேர் என்று சொல்லிக்கொள்வதில்லை, பார்க்கிறவர் சொல்கிறார். ‘நான்’ என்பதோ உள்ளிருந்து வரும் சொல். கூட்டுக்குப் பெயர் வைக்க வெளியே ஓர் ஆள் வேண்டுமென்றால், இந்தக் கூட்டுக்கு யார் பெயர் வைத்தது? இந்தப் பதிலைத் தட்டிவிட முடியவில்லை.

தேர் இழுக்கும் நாளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகிறது. வடத்தை ஆயிரம் பேர் பிடித்திருக்கிறார்கள். ஒரே கூப்பாடு, ஒரே இழுப்பு, ஒரே மூச்சு. ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிகே என்ற கிராமத்தில் ஆண்டுதோறும் தீமிதி உண்டு. அங்கே தீ மிதிப்பவரின் இதயத்துடிப்பும் வேடிக்கை பார்க்கும் அவருடைய உறவினரின் இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கியதையும், சம்பந்தமில்லாத பார்வையாளரின் துடிப்பு அப்படி ஒத்துப்போகாததையும் 2011இல் அளந்து வெளியிட்டார்கள். நம் ஊர்த் தீமிதியில் குண்டத்தின் ஓரத்தில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. ஒத்திசைவு மண்டையோட்டோடு நிற்பதில்லை. ஒத்திசைவுதான் ‘நான்’ என்றால், வடம் பிடித்த கூட்டத்துக்கும் ஒரு ‘நான்’ இருக்க வேண்டுமே? கூட்டத்துக்கு வேகம் உண்டு, வெறி உண்டு, பக்தி உண்டு. ஆனால் வடம் தோலை உரித்தால் எரிவது அவரவர் உள்ளங்கைதான். ஆயிரம் பேருக்குமாக வலியை உணரும் ஆயிரத்தோராவது ஆள் அங்கே இல்லை.

ஆய்வகச் சான்றும் இதே பக்கம்தான் சாய்கிறது. 1989இல் சேர்ந்து துடித்த பூனைகள் மயக்க மருந்தில் இருந்தவை. பிரான்சிஸ் கிரிக்கும் கிறிஸ்டாஃப் கோக்கும் 1990இல் அந்த 40 துடிப்புதான் பிரக்ஞையின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். பின்னால் அந்தக் கருத்தை விட்டார்கள். 1998இல் கோக், இருபத்தைந்து ஆண்டுக்குள் மூளையில் பிரக்ஞைக்கான தெளிவான தடம் கிடைத்துவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்சிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோற்று ஒரு பெட்டி வைன் கொடுத்தார். 2025இல் நேச்சர் இதழில் வந்த பெரிய கூட்டாய்வு 256 பேரின் மூளையைப் பதிவு செய்தது. ஒரு பொருள் கண்ணில் தெரிந்துகொண்டிருக்கும்வரை பின்மண்டைப் பகுதிகள் நீடித்து ஒத்திசைந்திருக்கும் என்று ஒரு கோட்பாடு கணித்திருந்தது; அது கிடைக்கவில்லை. அதன் போட்டிக் கோட்பாடு சொன்னதும் முழுதாகப் பலிக்கவில்லை.

தியானத்தின் பேரால் செய்யப்படும் பிரசங்கங்களுக்கும் இது பொருந்தும். 1955இல் தாஸ், காஸ்டோ இருவரும் கிரியா யோகிகளை ஆராய்ந்து ஆழ்ந்த தியானத்தில் வேக அலைகளைக் கண்டார்கள். 1961இல் டெல்லி எய்ம்ஸில் பி.கே.ஆனந்த் குழு வேறு யோகிகளிடம் மெதுவான ஆல்ஃபா அலையை, அதாவது பெர்கர் கண்ட அந்தப் பத்துத் துடிப்பு வகையைக் கண்டது. பலத்த வெளிச்சமும் சத்தமும் அதைக் கலைக்கவில்லை. நாலு டிகிரிக் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கையை வைத்திருந்த யோகிகளிடமும் அலை அப்படியே ஓடியது. 2004இல் திபெத்திய மரபில் பல்லாயிரம் மணி நேரம் தியானித்த எட்டுப் பேரிடம் ரிச்சர்ட் டேவிட்சன் குழு கண்டது, பூனைகளிடம் கண்ட 40 துடிப்பு வகையான காமா அலையின் மிக வலுவான ஒத்திசைவு. மூன்று ஆய்வு, மூன்று அலை. பயிற்சிக்கேற்ப மூளை பழகுகிறது என்பது தெளிவு. சமாதியின் அலை இதுதான் என்று ஒரு கோட்டைக் காட்டிக் கட்டணம் வாங்குபவரை நம்ப வேண்டியதில்லை. அதேபோல, கோடு கிடைக்கவில்லை, ஆகவே உயிரும் இல்லை என்பவரையும்.

சித்தாந்தத்துக்கு மிகவும் சங்கடமான சான்று வேறு. மூளையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் நடுவே சுமார் 20 கோடி இழைகள் கொண்ட பாலம் இருக்கிறது. 1991இல் சிங்கர் குழு பூனைகளில் அந்தப் பாலத்தை அறுத்துப் பார்த்தபோது இரு பாதிகளின் ஒத்திசைவு மறைந்துபோனது. கடும் வலிப்புக்காக இதை அறுத்த மனிதர்களும் உண்டு. அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் கிடைத்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித் தம் உரைகளில் சொல்லியிருக்கிறார். ‘கடவுளை நம்புகிறீர்களா?’ என்று தனித்தனியாகக் கேட்டபோது ஒரு பாதி ஆம் என்றது, மறுபாதி இல்லை என்றது. இறந்த பிறகு எந்தப் பாதி எங்கே போகும் என்பது அவர் எழுப்பும் கேள்வி. உயிர் ஒன்று, கருவிகள் பல என்றால், கத்தி அறுத்தது கருவியையா, கருவியின் சொந்தக்காரரையா? அரசன் ஒருவனே, சபை இரண்டாகப் பிரிந்ததால் அவன் கட்டளை குழம்புகிறது என்று சித்தாந்தி சொல்லலாம். சொல்லலாம்தான், ஆனால் அந்த விடை முன்போல லகுவாக வராது.

இத்தனைக்குப் பிறகும் சேர்ப்பவர் என்ற கேள்வி செத்துவிடவில்லை. 2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சபீன் காஸ்ட்னர் குழு குரங்குகளில் ஒன்றைக் கண்டது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற திரட்சியில் புல்வினார் என்றொரு பகுதி. குரங்கு எதன்மேல் கவனம் வைக்கிறதோ அதற்கேற்ப இரண்டு பார்வைப் பகுதிகளின் தாளத்தை அது ஒத்துப்போக வைக்கிறது. பிறவினை! சேர்க்கிற ஒன்று சதையிலேயே அகப்பட்டுவிட்டது. ஆனால் புல்வினாருக்கு எதைச் சேர்ப்பது என்று சொல்வது எது? நெற்றிப்பகுதியிலிருந்து வரும் செய்தி. நெற்றிப்பகுதிக்கு? சேர்ப்பவரென்று பிடித்த ஒவ்வொருவரும் இன்னோர் அமைச்சராகவே மாறிவிடுகிறார்கள்.

மெய்கண்டார் இந்தச் சங்கிலியை அறியாதவர் அல்ல. அவருடைய அரசனும் தன்னிறைவு கொண்டவன் அல்ல. கருவிகள் கூடாவிட்டால் உயிருக்கு ஒன்றும் தெரியாது; கருவிகள் கூடினாலும் காட்டுபவன் காட்டாவிட்டால் தெரியாது. கண்ணுக்கு உயிர் எப்படியோ, உயிருக்குச் சிவம் அப்படி என்று அவர் சங்கிலியை அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறார். நாகசேனர் கட்டவே தேவையில்லை என்பார். கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் நடுவே மின்முனைகள் இன்னும் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாக எந்தப் பக்கத்து மேடையும் கை தட்டினால், அது சோதனையைச் சரியாகப் படிக்காத கைதட்டல்.

பட்டறையில் சிற்பி கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் கணுவைச் சுற்றித் தடவினார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பிடரி மயிரின் ஒரு சுருளைக் கன்னத்தின் மேல் இறக்கி, கறுத்த வட்டம் அந்தச் சுருளின் நடுவில் வருகிற மாதிரி கோட்டை மாற்றிப் போட்டார். மரத்தை அரைச் சுற்றுத் திருப்பினார்.

“இப்பப் பிடிடா” என்றார்.